எதிர்பார்த்தது குற்றமா? – காப்புரிமை: வாசகர் கேள்வி பதில்

*அக்கா, வேலந்தாவளத்தில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறேன். செல்போனில் கூப்பிட்டு ஒரு நம்பரை அழுத்தினால் தோட்டத்து மோட்டார் ஓடும்படி ஒரு சர்க்யூட் செய்தேன். எங்கள் பக்கம் டவர் ஒரு நிமிஷம் கேரளா, ஒரு நிமிஷம் தமிழ்நாடு. அழுத்திய சத்தம் விட்டு விட்டுத்தான் போய்ச் சேரும். மற்ற போர்டுகள் ஒரே அழுத்தலை இரண்டாக எண்ணி, மோட்டாரைப் போட்ட கையோடு நிறுத்திவிடும். என் போர்டில் அந்தக் கோளாறு கிடையாது. ஒரு ஆலோசகர் மூலம் காப்புரிமைக்கு விண்ணப்பித்தேன். ஏழு வாரம் முன்பு நிராகரித்து உத்தரவு வந்தது. 'ஆன்டிசிபேட்டட்' என்று எழுதியிருக்கிறது. அகராதியில் 'எதிர்பார்க்கப்பட்டது' என்று போட்டிருக்கிறார்கள். யாருங்க எதிர்பார்த்தது? எதிர்பார்த்தது குற்றமா? அப்பீல் போகலாமா? உத்தரவு நகலும் போர்டும் அனுப்பியிருக்கிறேன்.*

தம்பி, போர்டு என் மேசையில்தான் இருக்கிறது. மூன்று நாளாக வீட்டில் எல்லோரும் அதைத் தாண்டித்தான் காப்பி வைக்கிறார்கள்.

முதலில் அந்தச் சொல். காப்புரிமைக்காரர்கள் வாயில் 'ஆன்டிசிபேஷன்' என்றால் யாரும் எதையும் எதிர்பார்த்தார்கள் என்று பொருள் அல்ல. நீங்கள் விண்ணப்பித்த நாளுக்கு முன்பே அதே பொருள் உலகத்தில் எங்காவது வெளியாகிவிட்டது, அவ்வளவுதான். 1970ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டத்தின் 13ஆம் பிரிவு, காப்புரிமை அலுவலகப் பரிசோதகரை அப்படி ஏதாவது இருக்கிறதா என்று தேடச் சொல்கிறது. பழைய காப்புரிமை, புத்தகம், கம்பெனி விளம்பரத் தாள், எதுவாக இருந்தாலும் சரி. 'முந்திக்கொள்ளப்பட்டது' என்று வைத்துக்கொண்டால் உத்தரவு புரியும்.

எது முந்தியது? இங்கேதான் பலரும் தடுமாறுகிறார்கள். பரிசோதகர் ஒப்பிட்டுப் பார்ப்பது உங்கள் போர்டை அல்ல, உங்கள் க்ளெய்மை, அதாவது 'இதுதான் என்னுடையது' என்று விண்ணப்பத்தில் உரிமை கோரும் பகுதியை. பத்திரத்தில் நான்கெல்லை எழுதுகிறோமே, காப்புரிமையில் அந்த வேலையைச் செய்வது க்ளெய்ம்தான். தோட்டத்தில் எத்தனை தென்னை, எவ்வளவு காய்ப்பு என்பதெல்லாம் பேச்சுக்கு நன்றாக இருக்கும். எல்லையில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான் உங்களுடையது. எல்லையை அகலமாகப் போட்டு, அதற்குள் ஏற்கெனவே வேறு ஒருவர் வீடு இருந்துவிட்டால் பத்திரமே செல்லாது. உங்கள் விஷயத்தில் நடந்தது அதுதான்.

உங்கள் முதல் க்ளெய்மில் மூன்றே உறுப்புகள். ஒன்று, போனிலிருந்து வரும் இரட்டைத் தொனியைக் கண்டுபிடிக்கும் பகுதி. இரண்டு, அந்தத் தொனி குறிப்பிட்ட நேரம் நீடித்தால் மட்டும் சிக்னல் விடும் தாமதச் சர்க்யூட். மூன்று, அந்தச் சிக்னலால் இயங்கி மோட்டாரைப் போடும் மின் சுவிட்சான ரிலே. எதிரே வைக்கப்பட்டிருப்பது எம்டி 8870 என்ற ஐசியின் (தொனியை அடையாளம் காணும் சில்லு) டேட்டா ஷீட்டும், அதாவது அதன் விவரத் தாளும், அதைக் கொண்டு ரிலேயை இயக்கும் படம் ஒன்றும், இரண்டும் சேர்ந்த ஒரே வெளியீடு. உங்கள் போர்டில் நடுவில் உட்கார்ந்திருக்கிற அதே பதினெட்டுக் கால் ஐசி.

இந்த ஐசி என்ன செய்கிறது என்று கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம், ஏனென்றால் வழக்கே இதற்குள்தான் இருக்கிறது. போனில் 5 அழுத்தினால் 770 ஹெர்ட்ஸ் ஒன்றும் 1336 ஹெர்ட்ஸ் ஒன்றுமாக இரண்டு சத்தம் சேர்ந்து போகும். 1 என்றால் 697, 1209. அமெரிக்காவில் 1963இல் டயல் சுற்றும் போனுக்குப் பதிலாகப் பொத்தான் போன் கொண்டுவந்தபோது ஏற்படுத்திய முறை. பக்கத்தில் வெள்ளி டப்பா போல இருக்கிற கிரிஸ்டலைப் பாருங்கள், 3.579545 என்று இருக்கும். அது அமெரிக்கக் கலர் டிவியின் கிரிஸ்டல். லட்சக்கணக்கில் செய்ததால் மலிவு, அதனால் போன் ஐசிக்காரர்களும் அதையே எடுத்துக்கொண்டார்கள். (என் அப்பா கொழிஞ்சாம்பாறையில் ரேடியோ, டிவி ரிப்பேர் கடை வைத்திருந்தார். அவர் பிரித்த நம் ஊர் டிவிகளில் இருந்தது 4.43. இரண்டையும் மாற்றிப் போட்டுப் படம் கறுப்பு வெள்ளையாக வந்த நாள் எனக்கு நினைவிருக்கிறது.)

இப்போது கால்களுக்கு வருவோம். சரியான இரட்டைத் தொனி கேட்ட உடனே 16ஆம் கால் உயரும். ஆனால் ஐசி அதை அப்படியே நம்பிவிடாது. 17ஆம் காலில் மின்சாரத்தைச் சேர்த்து வைக்கும் ஒரு கண்டென்சர், 16க்கும் 17க்கும் நடுவே ஒரு ரெசிஸ்டர். வழக்கமான மதிப்பு 0.1 மைக்ரோஃபேரடு, 300 கிலோ ஓம். இரண்டையும் பெருக்கினால் 30 மில்லி செகண்ட். தொனி போதுமான நேரம் நிலைத்து, 17ஆம் காலின் வோல்டேஜ் ஒரு வரம்பைத் தாண்டினால்தான் 15ஆம் கால் 'சரி, இது உண்மையான அழுத்தல்' என்று சிக்னல் தரும். யாராவது பேசும்போது தற்செயலாக அந்தத் தொனி ஒரு நொடித்துளி வந்துபோனால் ஐசி ஏமாறாது.

ஆக, 'தொனி குறிப்பிட்ட நேரம் நீடித்தால் மட்டும் சிக்னல்' என்ற உங்கள் இரண்டாம் உறுப்பு அந்த டேட்டா ஷீட்டில் வரிக்கு வரி இருக்கிறது. அதோடு நிற்கவில்லை. ஏற்றுக்கொண்ட தொனி நடுவில் சற்றே அறுந்தாலும் பொறுத்துக்கொள்ளும் என்றும் அதில் எழுதியிருக்கிறது. ஏறும் நேரத்தையும் இறங்கும் நேரத்தையும் வெவ்வேறாக வைக்க, ஒரு டையோடும் இன்னொரு ரெசிஸ்டரும் போட்ட படமும் இருக்கிறது. ஹியரிங்கில் உங்கள் ஆலோசகர் 'அது டெலிபோனுக்கு, எங்களுடையது விவசாயத்துக்கு' என்று வாதாடியதாக உத்தரவில் இருக்கிறது. அது நிற்காத வாதம். தெரிந்த கருவியை வேறு வேலைக்குப் பயன்படுத்துவது மட்டும் கண்டுபிடிப்பு ஆகாது என்று 3(டி) பிரிவே சொல்கிறது. நிராகரித்தவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. எழுதப்பட்ட க்ளெய்முக்கு அதுதான் பதில்.

ஆனால் உங்கள் போர்டைத் திருப்பிப் பார்த்தபோது எனக்கு வருத்தமாக இருந்தது. நீங்கள் 15ஆம் காலைத் தொடவே இல்லை! ஐசி இன்னும் நம்பாத நிலையில் இருக்கிற 16ஆம் காலிலிருந்து கம்பி எடுத்திருக்கிறீர்கள். தனியாக ஒரு பெரிய கண்டென்சர் வைத்து, டவர் மாறும்போது விட்டு விட்டு வருகிற துண்டுகளை எல்லாம் அதில் சேர்க்கிறீர்கள். நான்கு செகண்ட் டைமர் ஒன்று ஓடுகிறது. அதற்குள் சேர்ந்த மொத்தம் போதுமானால் ரிலே. போதாவிட்டால் கண்டென்சரைக் காலி செய்துவிட்டு மறுபடி ஆரம்பம். ஒருமுறை மோட்டார் ஓடிவிட்டால் ஒரு நிமிஷத்துக்கு எந்தத் தொனியையும் காதில் போட்டுக்கொள்வதில்லை. ஐசியின் சொந்தக் கண்டென்சர் அரை செகண்ட் இடைவெளியில் சுத்தமாக இறங்கிவிடும், உங்களுடையது இறங்காது. உத்தரவில் காட்டியிருக்கிற தாளில் இந்த நான்கு செகண்ட் கணக்கும் இல்லை, ஒரு நிமிஷச் செவிட்டுத்தனமும் இல்லை. விண்ணப்பத்தின் விளக்கப் பகுதியில் பதினோராம் பக்கத்தில் இதெல்லாம் இருக்கிறது. க்ளெய்மில் ஒரு சொல் இல்லை. மூன்று சென்ட் தோட்டத்துக்கு ஊரையே எல்லையாகப் போட்டுவிட்டார்கள்.

'சரி, இப்போது ஒழுங்காக எழுதிப் புதிதாக விண்ணப்பிக்கிறேன்' என்று சொல்வீர்கள். முடியாது. விண்ணப்பித்துப் பதினெட்டு மாதத்தில் அது வெளியிடப்பட்டுவிட்டது. பதினோராம் பக்கமும் சேர்ந்துதான் வெளியானது. இன்றைக்குப் புது விண்ணப்பம் போட்டால் உங்களை முந்திக்கொண்டவர் நீங்களே.

அதனால் அப்பீல்தான் வழி. 117ஏ பிரிவின்படி உத்தரவு தேதியிலிருந்து மூன்று மாதம். ஏழு வாரம் போய்விட்டது, ஐந்தோ ஆறோ வாரம்தான் கையில். (போனிலும் சொல்லிவிட்டேன், பத்திரிகை வரும்வரை காத்திருக்க வேண்டாம் என்று.) அதே அதிகாரியிடம் மறுஆய்வு கேட்க வழக்கமான அவகாசம் ஒரு மாதம், அது தாண்டிவிட்டது. முன்பு இதற்கென்று சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட அறிவுசார் சொத்து மேல்முறையீட்டு வாரியம் இருந்தது. 2021 ஏப்ரலில் அதைக் கலைத்தார்கள். இப்போது நேராக உயர் நீதிமன்றம்.

அங்கே 'உத்தரவு தவறு' என்று மட்டும் நின்றால் தோற்பீர்கள் என்பது என் கணிப்பு. பல வழக்குகளில் காரணமே சொல்லாமல் நிராகரித்த உத்தரவை நீதிமன்றம் திருப்பி அனுப்பியிருக்கிறது. உங்கள் உத்தரவு அப்படி அல்ல. கட்டம் போட்டு, உறுப்புக்கு உறுப்பு எதிரே பக்க எண்ணோடு எழுதியிருக்கிறது. க்ளெய்மில் உள்ள 'நேரம்' என்பதை விளக்கப் பகுதியோடு சேர்த்து 'மொத்த நேரம்' என்று படிக்க வேண்டும் என வாதாடலாம். ஆனால் எல்லையில் எழுதாததை விளக்கத்திலிருந்து இறக்குமதி செய்ய நீதிபதிகள் லேசில் சம்மதிப்பதில்லை. அதைவிட, க்ளெய்மைச் சுருக்க அனுமதி கேளுங்கள்: 16ஆம் கால் சிக்னல், துண்டுகளின் கூட்டல், கால எல்லை, அதன்பின் வரும் செவிட்டு நேரம், நான்கும் சேர்ந்ததாக. 59ஆம் பிரிவு விரிப்பதைத்தான் தடுக்கிறது. விளக்கத்தில் ஏற்கெனவே உள்ளதை வைத்துச் சுருக்குவதைத் தடுக்கவில்லை. சுருக்கிய க்ளெய்மோடு மறுபரிசீலனைக்குத் திருப்பி அனுப்பும்படி கேட்பதுதான் உங்களுக்கு உருப்படியான அப்பீல். கிடைக்கும் என்று சத்தியம் செய்ய மாட்டேன். அப்படித் திருப்பி அனுப்பினாலும் அடுத்த கேள்வி காத்திருக்கிறது: புதிதுதான், ஆனால் இந்தத் தொழில் தெரிந்த எவருக்கும் சாதாரணமாகத் தோன்றக்கூடியதுதானே என்பார்கள். அதற்கு நல்ல சாட்சி உங்கள் எல்லையோர டவர் தொல்லைதான். எந்தெந்தத் தோட்டத்தில் எத்தனை முறை மற்ற போர்டுகள் ஏமாந்தன என்று நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன் என்றீர்களே, அந்த நோட்டைத் தொலைத்துவிடாதீர்கள்.

*மேடம், பொள்ளாச்சி அருகே பொறியியல் கல்லூரியில் பாடம் எடுக்கிறேன். அமெரிக்காவில் சர்க்யூட் காப்புரிமைகள் மேல் அப்பீல் வழக்குகள் நிறைய நடக்கின்றன. அங்கே 'முந்திக்கொள்ளப்பட்டது' என்பதை எப்படி முடிவு செய்கிறார்கள்?*

அங்கே காப்புரிமை அப்பீல்களுக்கென்றே வாஷிங்டனில் ஃபெடரல் சர்க்யூட் என்ற நீதிமன்றம் 1982இலிருந்து இருக்கிறது. (இந்த 'சர்க்யூட்' உங்கள் சர்க்யூட் அல்ல, நீதிமன்ற வட்டாரம். மாணவர்களிடம் முதலில் இதைச் சொல்லிவிடுங்கள்.) அடிப்படை விதி நம்முடையதைப் போலத்தான். க்ளெய்மில் உள்ள ஒவ்வொரு உறுப்பும் ஒரே ஆவணத்தில் இருக்க வேண்டும். இரண்டு ஆவணங்களை ஒட்ட வேண்டி வந்தால் அது முந்திக்கொள்ளுதல் ஆகாது, வேறு ஆட்சேபம். ஒரே ஆவணத்திலும் உறுப்புகள் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கிடந்தால் போதாது, க்ளெய்மில் சொன்ன அதே அமைப்பில் சேர்ந்திருக்க வேண்டும் என்று 2008இல் நெட் மணிஇன் – வெரிசைன் வழக்கில் சொன்னார்கள். தேங்காய், பொரிகடலை, மிளகாய், உப்பு நான்கும் ஒரே மளிகைக் கடையில் இருந்ததால் அங்கே சட்னி இருந்தது என்று சொல்லக் கூடாது, அவ்வளவுதான்.

அப்பீலில் சுவாரஸ்யமான இடம் வேறு. க்ளெய்மில் உள்ள சொல்லுக்கு என்ன பொருள் என்பது பெரும்பாலும் சட்டக் கேள்வி. அதை அப்பீல் நீதிபதிகள் புதிதாகவே பார்ப்பார்கள். பழைய ஆவணத்தில் அது இருக்கிறதா இல்லையா என்பது உண்மை பற்றிய கேள்வி; காப்புரிமை அலுவலகம் போதிய ஆதாரத்தோடு முடிவு செய்திருந்தால் அதில் அவ்வளவாகக் கை வைக்க மாட்டார்கள். அதனால் தோற்றவரின் வக்கீல் எப்பாடுபட்டாவது சண்டையைச் சொல்லின் பொருளுக்குக் கொண்டுபோவார். 'இணைக்கப்பட்ட' என்றால் நேரடியாகவா, நடுவில் ஒரு ரெசிஸ்டர் இருந்தாலும் இணைப்புதானா? 'சிக்னல்' என்றால் எந்த வோல்டேஜ் மாற்றமும் சிக்னலா, ஏதாவது செய்தியைச் சுமந்தால்தான் சிக்னலா? சர்க்யூட் வழக்குகளில் பல இப்படி ஒரு சொல்லின் முதுகில்தான் ஏறி நிற்கின்றன.

மேலே வேலந்தாவளம் தம்பிக்குச் சொன்னதற்கு அங்கே ஒரு பிரபலமான உதாரணம் உண்டு. 1997, ஷ்ரைபர் வழக்கு. டப்பாவைக் கவிழ்த்துக் குலுக்கினால் பாப்கார்ன் ஒரு தடவைக்குச் சில பொரி மட்டும் விழும்படி கூம்பு மூடி ஒன்றுக்கு விண்ணப்பித்தார். பரிசோதகர் எடுத்துப்போட்டது ஒரு பழைய சுவிஸ் காப்புரிமை, எண்ணெய் டப்பாவின் மூக்கு! அதில் பாப்கார்ன் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. ஆனாலும் அதே கூம்பு, அதே வடிவம். அதைப் பாப்கார்ன் டப்பாவில் மாட்டினால் அதே வேலையைச் செய்யும். எதற்குப் பயன்படுத்துகிறோம் என்று சொல்வதால் பழைய பொருள் புதிதாகிவிடாது என்று தீர்ப்பு. ஒரு நீதிபதி உடன்படவில்லை. எனக்கும் பாப்கார்ன்காரர் மேல் கொஞ்சம் இரக்கம் உண்டு, ஆனால் தீர்ப்பு சரி என்றுதான் நினைக்கிறேன்.

இன்னொன்று 1985. டைட்டானியம் மெட்டல்ஸ் என்ற நிறுவனம் ஓர் உலோகக் கலவைக்குக் காப்புரிமை கேட்டது. ரஷ்ய மொழிக் கட்டுரை ஒன்றில் இருந்த வரைபடத்தில் ஒரு புள்ளி, நிறுவனம் போட்ட எல்லைக்குள் விழுந்தது. அந்தக் கலவை துருவைத் தாங்கும் என்பதை ரஷ்யர்கள் சொல்லவே இல்லை, கண்டுபிடித்தது இவர்கள்தான். இருந்தும், அந்த ஒரு புள்ளியால் க்ளெய்ம் போயிற்று. எல்லையை அகலமாகப் போடுவதன் விலை இது.

*மீனாட்சிபுரத்திலிருந்து எழுதுகிறேன். தண்ணீர் இல்லாமல் மோட்டார் வெறுமனே ஓடினால் நிறுத்தி, போனுக்கு பீப் சத்தம் அனுப்பும் ஒரு பெட்டியை நான்கு வருஷமாக விற்கிறேன். அறுபது எழுபது போயிருக்கும். இப்போது காப்புரிமை எடுக்கலாமா?*

எடுக்க முடியாதுங்க. நீங்கள் விற்ற பெட்டியே உங்களுக்கு எதிரான ஆவணம். எழுத்தில் வெளியாக வேண்டும் என்று இல்லை. விண்ணப்பத் தேதிக்கு முன் வெளிப்படையாகப் பயன்பாட்டில் இருந்தாலே புதுமை போய்விடும். நீங்களே செய்தீர்கள், நீங்களே விற்றீர்கள் என்பது காப்பாற்றாது. சொந்தமாக வெளியிட்டதற்கு அமெரிக்காவில் ஓராண்டு சலுகை உண்டு. இங்கே மிகக் குறுகிய விலக்குகள்தான்: மத்திய அரசு அறிவித்த கண்காட்சியில் வைத்தது, அறிஞர் சங்கத்தில் கட்டுரை படித்தது, இவற்றுக்குப் பன்னிரண்டு மாதம், வெளியில் வைத்துச் சோதித்தே ஆக வேண்டிய பொருளானால் நியாயமான சோதனைக்கு ஓராண்டு. எழுபது பேருக்குப் பில் போட்டு விற்றதைச் சோதனை என்று சொல்ல முடியாது.

இங்கிலாந்தில் ஒரு வழக்கு. பாய்மரம் கட்டிய பலகைக்குப் பெரிய நிறுவனம் காப்புரிமை வைத்திருந்தது. 1958இல் ஹேலிங் தீவில் பன்னிரண்டு வயதுப் பையன் ஒருவன் தானே ஒரு பலகை செய்து கடலில் விட்டு விளையாடியிருக்கிறான் என்று 1985 வழக்கில் தெரியவந்தது. காப்புரிமை விழுந்ததற்கு அந்தப் பையனும் ஒரு காரணம். அவன் எதையும் எழுதவில்லை, விற்கவில்லை. விடுமுறைக்காரர்கள் கரையிலிருந்து பார்த்தார்கள், அவ்வளவே.

இது எங்கள் வீட்டிலும் நடந்தது. 80களில் அப்பா ஒரு சர்க்யூட் செய்தார். கரண்ட் போய்த் திரும்ப வரும்போது மூன்று பேஸும் வந்துவிட்டதா என்று பார்த்து, வந்திருந்தால் மட்டும் மணி அடிக்கும். அரிசி மில்காரர்களுக்கு உயிர் போல. ராத்திரியில் கிணற்றடியில் பிளாஸ்டிக் பேசினில் ஃபெரிக் குளோரைடு கரைத்து, செம்புத் தகட்டை முக்கி முக்கி எடுப்பார். அவருடைய வேட்டி எல்லாவற்றிலும் துரு நிறத்தில் கறை. அந்தக் கறை எந்தச் சோப்புக்கும் போகாது. கோயில் திருவிழாவில் கடை போட்டு, அதில் ஒரு போர்டை பல்போடு மாட்டிக் காட்டினார். யார் கேட்டாலும் படம் வரைந்து கொடுப்பார். மூன்று வருஷம் கழித்து ஒரு வெளியூர்க் கம்பெனி அதையே தகரப் பெட்டியில் அடைத்து விற்க ஆரம்பித்தது. தடுக்க வழி கேட்டு அவர் ஒரு வக்கீலிடம் போனார். 'படம் வரைந்து கொடுத்தீர்களா?' என்று கேட்டார் வக்கீல். 'ஆமாம்' என்றார் அப்பா. ஃபீஸ் வாங்காமல் அனுப்பிவிட்டார். நான் இந்தத் தொழிலுக்கு வந்தது அந்த சாயங்காலத்தால்தான் என்று அம்மா சொல்வார். இருக்கலாம்.

உங்கள் பெட்டியில் இனிமேல் ஏதாவது புதிதாகச் சேர்த்தால், அந்தச் சேர்ப்புக்கு மட்டும் விண்ணப்பிக்கலாம். விற்பதற்கு முன்.

*கோபாலபுரம் செக்போஸ்டுக்கு அந்தப் பக்கம் வீடு, இந்தப் பக்கம் பட்டறை. நான் எர்ணாகுளம் போக வேண்டுமா, சென்னை போக வேண்டுமா?*

காப்புரிமை அலுவலகம் நாட்டில் நான்கே இடத்தில்: கொல்கத்தா, டெல்லி, மும்பை, சென்னை. கேரளாவும் தமிழ்நாடும் சென்னைக்குக் கீழ்தான், கிண்டியில் இருக்கிறது. ஆகவே உங்கள் வீடு எந்தப் பக்கம் என்று யோசிக்க வேண்டாம். நிராகரிப்பு மேல் அப்பீலும் விண்ணப்பித்த அலுவலகத்தை ஒட்டியே போகும் என்பது நீதிமன்றங்கள் எடுத்துள்ள நிலை, அதாவது சென்னை உயர் நீதிமன்றம். அங்கே அறிவுசார் சொத்துக்கென்று தனிப் பிரிவும் இருக்கிறது. விண்ணப்பம் ஆன்லைனில் போடலாம். காப்புரிமை கிடைத்துவிட்டால் நாடு முழுவதும் செல்லும், இருபது ஆண்டுக்கு. செக்போஸ்ட் கணக்கில் இல்லை.

*அக்கா, சித்தூரில் பாலிடெக்னிக் இறுதியாண்டு. எங்கள் புராஜெக்ட் சர்க்யூட்டை மலையாளத்தில் விளக்கி யூடியூபில் போட்டோம். வெறும் 43 பேர்தான் பார்த்தார்கள், அதில் பாதி எங்கள் வீட்டார். இதுவும் வெளியீடா?*

வெளியீடுதான்மா. எத்தனை பேர் பார்த்தார்கள் என்பது கணக்கில்லை, யார் வேண்டுமானாலும் பார்க்க முடிந்ததா என்பதுதான் கணக்கு. மொழியும் தடையல்ல, மேலே ரஷ்ய மொழிப் புள்ளி என்ன செய்தது என்று பார்த்தீர்களே. ஆனால் வீடியோவில் எவ்வளவு வெளிப்பட்டது என்று திரும்பப் போட்டுப் பாருங்கள். பெட்டியை மூடி வைத்து 'இதோ பாருங்கள், விளக்கு எரிகிறது' என்று மட்டும் காட்டியிருந்தால், உள்ளே இருக்கும் சர்க்யூட் வெளியானதாகாது. அதைப் பார்த்து இன்னொருவர் செய்ய முடிந்திருக்க வேண்டும். சர்க்யூட் படத்தைத் திரையில் நிறுத்தி வைத்து விளக்கினீர்கள் என்றால், போயிற்று. அடுத்த புராஜெக்டுக்கு முதலில் தற்காலிக விண்ணப்பம் போட்டுவிட்டு வீடியோ எடுங்கள். தனிநபருக்கு ஆன்லைனில் 1,600 ரூபாய்தான் கட்டணம். முழு விண்ணப்பத்துக்குப் பன்னிரண்டு மாதம் அவகாசம் இருக்கிறது.

*எரித்தியாம்பதியிலிருந்து: கடையில் வாங்கிய இரண்டு போர்டுகளை ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன். இப்படி ஒரே பெட்டியில் யாரும் போட்டதில்லை. புதிதுதானே?*

புதிது என்பது சரி. கண்டுபிடிப்பா என்பது வேறு கேள்வி. 1978இல் நம் உச்ச நீதிமன்றம் பிஷ்வநாத் பிரசாத் வழக்கில் இதைத்தான் சொன்னது. பாத்திரம் கடையும் லேத்தில் பாத்திரத்தைப் பிடித்து வைக்கும் முறை பற்றிய தகராறு. பட்டறையில் எந்தத் தேர்ந்த தொழிலாளியும் செய்துவிடக்கூடிய முன்னேற்றத்துக்குக் காப்புரிமை கிடையாது என்று சொல்லி அந்தக் காப்புரிமையை ரத்து செய்தார்கள். உங்கள் இரண்டு போர்டும் சேர்ந்த பிறகு, தனித்தனியே செய்யாத ஏதாவது ஒன்றைச் செய்கின்றனவா? செய்தால் எழுதுங்கள். இல்லையென்றால் நல்ல பெட்டி, நல்ல விலைக்கு விற்கவும்.

வேலந்தாவளம் தம்பிக்குப் பின்குறிப்பு: போர்டை வெள்ளிக்கிழமை காலை பஸ்ஸில் கொடுத்தனுப்புகிறேன், கடையில் இருங்கள். 17ஆம் காலில் ஈயம் விட்டிருந்தது, வைத்துவிட்டேன்.